சுவருக்குள் நின்ற ஜீப்

முத்தாபுதுப்பேட்டை
8-10-72

தம்பி பரந்தாமனுக்கு அண்ணன் தேவராஜ் எழுதிக்கொள்வது.

நலம் விசாரிக்கப் போவதில்லை. காலையில் நீ இருமியதும் அதற்கு உன் பெண்சாதி சாமுண்டீஸ்வரி உன்னைத் திட்டியதும் சுவர் தாண்டி இங்கே கேட்டன. இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

இனிமேல் நேரில் பேச்சே கிடையாது என்று பாகம் பிரித்த அன்று நாலு பெரியவர்கள் முன்னால் சொன்னவன் நீ. நானும் சரி என்றேன். ஆனால் பாகப் பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது, மறந்திருக்க மாட்டாய். அப்பாவின் ஜீப் இருவருக்கும் பொது, இருவரும் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய அதை விற்கவோ உடைக்கவோ கூடாது என்று. அந்த ஒரு வரிக்காக நான் தபால் ஆபீசுக்கு நடந்து, இன்லண்ட் கடிதம் வாங்கி, அடுத்த வாசலில் இருக்கிற உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். என் தலையெழுத்து.

விஷயத்துக்கு வருகிறேன். என் பெண் பேபி வந்துவிடப் போகிறாள். நூம்பலில் புருஷன் வீட்டில் அவள் வாழ்ந்தது போதும். கைக்குழந்தையோடு வருகிறவளை எங்கே படுக்க வைப்பது? என் பங்குக்கு வந்தது ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். நானும் முனியம்மாவும் மற்ற மூன்று பிள்ளைகளும் இப்போதே கூடையில் அடுக்கின மீன் மாதிரிதான் படுக்கிறோம். பின்முற்றத்தில் ஓர் அறை எழுப்பினால்தான் அவளுக்கு இடம். பின்முற்றம் முழுக்க ஜீப் நிற்கிறது.

ஆகவே ஜீப்பை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். ஆவடி இரும்புக்கடை கன்னியப்பன் வந்து பார்த்தார். முழு வண்டியாக வெளியே எடுக்க வழி இல்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். வழி எப்படி இருக்கும்? வண்டி வந்து போன பெரிய கேட்டு உன் பங்கில். வண்டி நிற்கும் முற்றம் என் பங்கில். நடுவில் நாம் எழுப்பிய சுவர். என் பக்கம் இருப்பது ஆள் மட்டும் நுழைகிற சந்துக்கதவு. சுவர் வைத்த கொத்தனார் அன்றைக்கே கேட்டார்: "இன்னா அண்ணாத்தே, வண்டி உள்ள மாட்டிகினு கீது. செவுரு எழும்பிட்டா இத்த எப்டி வெளிய இஸ்துகினு போவீங்கோ?" நீ என்னைப் பார்க்கவில்லை, நான் உன்னைப் பார்க்கவில்லை. "உன் வேலையைப் பாருய்யா" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். பாகம் பிரித்த நாளில் நாம் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஒரு வரி சம்மதம் எழுதி அனுப்பு. மழைக்கு முன் கடைக்கால் போட வேண்டும்.

தேவராஜ்

*

முத்தாபுதுப்பேட்டை
13-10-72

மதிப்பிற்குரிய தமையனார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்று விவரம் அறியலானேன். மேற்படி ஜீப் வண்டியானது நம் தந்தையார் வேம்புலி அவர்கள் ஆவடி மிலிட்டரி டிப்போவில் கூலியாக இருந்து, உலகச் சண்டை முடிந்த பின் ஏலத்தில் எடுத்ததாகும். அன்னாரது வியர்வையால் நம் குடும்பம் வயல் கூலியிலிருந்து மீண்டது. அதனை எடைக்குப் போடுவதற்கு என் மனசாட்சி இடம் தராது. சம்மதம் இல்லை.

மாறாக, மேற்படி வண்டியைப் பழுது பார்ப்பதே முறை. ஆவடி மெக்கானிக் ஜேசுராஜ் மூலம் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறேன்.

பேபி விஷயத்தில், புருஷன் பெண்சாதிக்குள் நாலு நாள் சச்சரவு என்பது எல்லா வீட்டிலும் உண்டு. சம்பந்தம் பேசி முடித்தவன் நான், மாப்பிள்ளை மதுரைவீரன் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. புத்தி சொல்லி அங்கேயே இருக்க வைப்பது பெற்றோர் கடமை.

இப்படிக்கு,
வே. பரந்தாமன்

*

முத்தாபுதுப்பேட்டை
16-10-72

தம்பிக்கு,

உனக்கு அறிவு இருக்கிறதா? இந்த விஷயத்தைப் போய்க் கார்டில் எழுதுவாயா? தபால்காரர் வேதமுத்து என் கையில் கொடுக்கும் முன்பே முழுக்கப் படித்துவிட்டார். "ஜீப்ப ரிப்பேர் பண்ணிடலாம் அண்ணாத்தே, பொண்ண மட்டும் அந்த ஊட்ல உடாத" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார். சங்கத்துச் செயலாளர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறாய், சைக்கிள் கம்பெனி முதலாளிக்கு மனு எழுதுகிற மாதிரியே அண்ணனுக்கும் எழுதுகிறாய். இனி எழுதினால் இன்லண்டில் எழுது. "மேற்படி" என்று எழுதினால் படிக்காமல் கிழித்துப் போடுவேன்.

அப்பாவின் வியர்வை பற்றி எனக்குச் சொல்ல வந்துவிட்டாய். அது அமெரிக்காக்காரன் வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம். நம் ரோட்டில் முன்னால் போகிற மாட்டு வண்டியைத் தாண்ட வேண்டுமானால் ஓட்டுகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. வலது பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து தலையை நீட்டிப் பார்த்து "போலாம்" என்று சொல்ல வேண்டும். பூந்தமல்லியிலிருந்து கொத்தவால் சாவடிக்குக் கீரை ஏற்றிப் போன அத்தனை விடியற்காலையும் அந்த வலது பக்கத்தில் உட்கார்ந்து மழையும் தூசியும் தின்றவன் நான். நீ பின்னால் கீரைக்கட்டு மேல் படுத்துத் தூங்கிக்கொண்டு வந்தாய். அது நின்றுபோன இத்தனை வருஷத்தில் ஒரு நாள் ஒரு துணி எடுத்து அதன் கண்ணாடியைத் துடைத்திருப்பாயா? இப்போது மனசாட்சி வந்துவிட்டது.

சரி, ரிப்பேர் செய்கிறோம் என்றே வைத்துக்கொள். ஓடுகிற வண்டியை எங்கே ஓட்டுவது? என் முற்றத்துக்குள்ளேயே கொடிக்கயிற்றைச் சுற்றிச் சுற்றி வரவா? சுவரை இடிக்க நீ விடுவாயா? முதலில் அதைச் சொல்.

பேபியைப் பற்றி நான் எழுத வேண்டாம் என்று இருந்தேன். நாலு நாள் சச்சரவு என்று நீ எழுதிய பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. போன மாதம் நூம்பலுக்குப் போனேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், இடது கையால். எனக்கு இடது கையால் தண்ணீர் தருகிற பெண்ணா அவள்? வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். சாராயக்கடை திறந்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறதாம். அவள் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு எல்லம்மா சொன்னாள். புத்தி சொல்லி அங்கேயே இருக்க வைப்பது பெற்றோர் கடமை என்கிறாய். நாலு வயது வரை அவள் உன் தோளில்தான் தூங்கினாள். உனக்கு எப்படி அதை எழுத மனசு வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

சம்மதம் அனுப்பு.

தேவராஜ்

*

முத்தாபுதுப்பேட்டை
24-10-72

தமையனாருக்கு,

தங்கள் கட்டளைப்படி இன்லண்டில் எழுதுகிறேன்.

தாங்கள் டாங்க் ஃபேக்டரிக்கு ஷிப்டு போயிருந்த சமயம், மெக்கானிக் ஜேசுராஜை என் பக்கமிருந்து ஏணி வைத்துச் சுவர் மேல் ஏற்றி, வண்டியின் பானெட்டில் இறக்கினேன். தங்கள் வீட்டு அனுமதி கேட்டால் கிடைக்காது என்பதால் இந்த முறை கையாளப்பட்டது. பரிசோதனை நடந்துகொண்டிருக்கையில் அண்ணியார், திருடன் என்று கருதி, கழுநீர்ப் பானையை முழுதாக அவர் தலையில் கவிழ்த்துவிட்டார். ஜேசுராஜ் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஆயினும் கடமை தவறாமல் பார்த்துச் சொன்ன முடிவு: இன்ஜின் நன்றாக இருக்கிறது, கார்புரேட்டரும் பிரேக்கும் மாற்றினால் ஓடும். "இந்த மாறி இரும்பு இப்ப எங்க கீது? இத்த ஒடைக்கறவன் கை வெளங்காது" என்றார்.

சுவரை இடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு செங்கல்லையும் எடுக்கச் சம்மதியேன். வண்டி ரிப்பேர் ஆகி அங்கேயே நிற்கட்டும். அப்பாவின் ஞாபகமாக இருக்கும்.

இன்னொரு செய்தி. மாப்பிள்ளை மதுரைவீரன் ஞாயிறன்று இங்கே வந்தான். தீபாவளிக்குப் பிறகு சாராயத்தைத் தொடுவதில்லை என்று என் எதிரில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தான். சாமுண்டீஸ்வரி அடுப்படியிலேயே இருந்தாள். அவள் தம்பி அல்லவா, அவளுக்கும் வருத்தம் இருக்கும். சத்தியம் செய்தவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுப்பது நியாயம்.

வே. பரந்தாமன்

*

முத்தாபுதுப்பேட்டை
27-10-72

தம்பிக்கு,

ரிப்பேர் செய்து, ஓடுகிற நிலையில், ஓடாமல் நிற்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு மெக்கானிக், ஒரு ஏணி, ஒரு பானைக் கழுநீர். உன்னோடு கூடப் பிறந்ததற்கு நான் டாங்கில் அடிபட்டுச் செத்திருக்கலாம்.

தீபாவளிக்குப் பிறகு தொடமாட்டானாம். அப்படியென்றால் தீபாவளி வரைக்கும் அடிக்கலாம் என்று உனக்குக் கணக்கா? குடிப்பதை விடுகிறேன் என்றான், அடிப்பதை விடுகிறேன் என்றானா? அதை நீ கேட்டாயா? சங்கத்தில் ஓர் ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு வார்த்தையையும் நாலு தடவை படிப்பாயாமே.

நான் உனக்கு இனி விளக்கம் எழுதப் போவதில்லை. ஒரே வரி சம்மதம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

தேவராஜ்

*

முத்தாபுதுப்பேட்டை
14-11-72

பரந்தாமா,

பேபி வந்துவிட்டாள். தீபாவளிக்கு எடுத்த புடவையோடு, காலில் செருப்பு இல்லாமல், குழந்தையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பூந்தமல்லியில் பஸ் மாறி வந்தாள். கீழ் உதடு கிழிந்திருந்தது. முனியம்மா கேட்டதற்கு, "வழுக்கி உய்ந்துட்டேம்மா" என்றாள். பெற்றவளிடமே பொய் சொல்லப் பழகிவிட்டாள்.

உள்ளே இடமில்லை என்று பார்த்ததும் அவளே போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். பின்பக்கம் சாக்கு விரித்து, அதன் மேல் அவள் அம்மாவின் பழம்புடவையைப் போட்டு, குழந்தையோடு அங்கேதான் படுக்கிறாள். மேலே கித்தான் கிழிந்து கிடக்கிறது. ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்திருக்கிறாள். கொசு பிடுங்கிக் குழந்தையின் முகம் தடித்துப் போயிருக்கிறது.

உனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். உடைக்காமலும் ஓட்டாமலும் வைத்திருந்த அப்பாவின் வண்டி குடும்பத்துக்கு உபயோகமாகிவிட்டது.

தேவராஜ்

*

முத்தாபுதுப்பேட்டை
18-11-72

அண்ணாவுக்கு,

நேற்று சுவர் மேல் ஒரு தார்ப்பாய் போட்டிருந்தேன். கம்பெனியில் கேட்டு வாங்கியது. திருப்பி வீசிவிடாதே. எனக்காக இல்லை என்றாலும் குழந்தைக்காக எடுத்துக்கொள்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை இருமுவது எங்களுக்குக் கேட்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி, இந்தப் பக்கம் எங்கள் பின்னறை. காதுக்கு எட்டுகிற தூரம். சாமுண்டி சோற்றில் கை வைத்தவள் அப்படியே எழுந்து போய்விட்டாள்.

நான் ஏன் சம்மதம் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும், தெரியாதது போல எழுதுகிறாய். ஜீப்பை உடைக்க நான் கையெழுத்துப் போட்டால் அந்த இடத்தில் பேபிக்கு அறை வரும். அறை வந்தால் அவள் திரும்பிப் போகமாட்டாள் என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். பிறகு சாமுண்டி எந்த முகத்தோடு நூம்பலுக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போவாள்? "கூடப்பிறந்தவன் குடியைக் கெடுத்தவள்" என்று வாசலிலேயே கேட்பார்கள். உனக்கு உன் பெண். எனக்கு என் பெண்டாட்டி. இதில் நான் யாரை விட்டுக்கொடுப்பது? அப்பா, வண்டி, ஞாபகம் என்றெல்லாம் எழுதினேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் அதற்காக இல்லை.

வருகிற 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதுரைவீரன் அவளை அழைத்துப் போக வருகிறான். உங்கள் வீட்டுப் படி ஏறமாட்டானாம், என் வீட்டுக்கு வந்து என் பக்கமிருந்து பேசுவானாம். நல்லபடியாகப் பேசி முடிப்போம். நீ பொறுமையாக இரு.

பரந்தாமன்

*

முத்தாபுதுப்பேட்டை
21-11-72

பரந்தாமா,

தார்ப்பாயைக் கட்டிவிட்டேன். ஒழுகவில்லை. அதற்கு மட்டும் சரி.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். மாற்றிக்கொள்ள ஆள் இல்லை, போகாவிட்டால் வேலைக்கு வினை. இது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை, சரியாக அந்த நாளைப் பார்த்து வைத்திருக்கிறான். சந்துக்கதவை முனியம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். ஆனால் உன் பக்கம் ஏணி இருக்கிறது. ஜேசுராஜை ஏற்றி இறக்கின அதே ஏணி. ஏறிக் குதித்தால் நேராக அவள் படுத்திருக்கும் வண்டியின் பானெட்டில் வந்து விழுவான்.

எனக்கு உன்னிடம் கெஞ்சப் பிடிக்கவில்லை. கெஞ்சுகிறேன். அவன் வந்தால் உன் கேட்டைத் திறக்காதே.

தேவராஜ்

*

முத்தாபுதுப்பேட்டை
27-11-72

அண்ணே,

நேற்று வேலை விட்டு வந்தாய். சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தாய். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாய். ஒரு வார்த்தை கேட்காமல் கால் கழுவப் போய்விட்டாய். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். நாம் உருப்படவே மாட்டோம்.

மதியம் போல மதுரைவீரன் வந்தான். கூட இரண்டு ஆள். மூன்று பேரும் நன்றாகக் குடித்திருந்தார்கள். நான் கேட்டைத் திறக்கவில்லை என்று எழுத ஆசைதான். திறந்தேன். மச்சான் என்று வந்தவன் முகத்தில் எப்படி அடித்துச் சாத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார், பேசலாம் என்றேன். அவன் உட்காரவில்லை. "ஏணி எங்க மாமே?" என்றான்.

அப்போது சாமுண்டி அடுப்படியிலிருந்து வந்தாள். சுவரில் சாய்த்திருந்த ஏணியை எடுத்தாள். அவனுக்குத்தான் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அவனும் கை நீட்டினான். கொண்டுபோய்க் கிணற்றில் தள்ளிவிட்டாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே தள்ளினாள். கூட வந்தவர்கள் தாமாகவே அவன் பின்னால் போனதும் கேட்டைச் சாத்தி, சங்கிலி போட்டாள்.

அவன் வெளியே நின்று கேட்டை உதைத்தான். "நீ என் அக்காவா, அவுங்க ஊட்டு ஆளா?" என்று கத்தினான். தெருவே வந்து நின்றது. அவள் கத்தவே இல்லை. "நம்ம நைனா அம்மாவ அடிக்கறத பாத்துகினே வளந்தவன் நீ. நானும் அதே ஊட்ல தான் வளந்தேன். அப்போ சின்னப் பொண்ணு, ஒண்ணும் பண்ண முடில. இப்போ முடியும். போயிடு" என்றாள். இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் செய்கிறேன், இதை என்னிடம் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

அவன் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க ரெண்டு பேரும் இரும்பப் பத்தியே எழுதிகினு இருங்கோ" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். முதல் ஏழெட்டுக் கல் அவள் பெயர்த்ததுதான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. பிறகு வாங்கி நான் இடித்தேன். அந்தப் பக்கமிருந்து அண்ணியும் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார்கள். நாலு கல் விழுந்து பானெட் நசுங்கியிருக்கிறது, திட்டாதே.

பேபி இப்போது எங்கள் பின்னறையில் இருக்கிறாள். குழந்தைக்குச் சாமுண்டி ஓமத்தண்ணீர் கொடுத்தாள், இருமல் பரவாயில்லை. கீழே இருப்பது நீ கேட்டது.

அப்பா வேம்புலி விட்டுச்சென்ற ஜீப்பை உடைக்க எனக்குப் பூரண சம்மதம்.
வே. பரந்தாமன்

*

முத்தாபுதுப்பேட்டை
11-12-72

தம்பிக்கு,

சம்மதம் கிடைத்தது. கிடைத்த பிறகுதான் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. சுவரில் இடித்த ஓட்டையை இன்னும் அகலமாக்கினால் வண்டி வெளியே வர வழி இருக்கிறது. ஜேசுராஜ் சொன்ன கார்புரேட்டரைப் போட்டால் ஓடும் என்று எனக்கும் தெரியும், நானும் ஃபிட்டர்தான். ஒரு வாரமாக ராப்பகலாக இதே யோசனை. நீ வேண்டாம் என்றபோது உடைக்கத் துடித்தேன், நீ சரி என்றதும் கை வரவில்லை. பேபிதான் உன் வீட்டில் வசதியாக இருக்கிறாளே, வண்டி நிற்கட்டுமே என்றுகூட முனியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

பேபி கேட்டுக்கொண்டே வந்தாள். "நைனா, சின்ன நைனா ஊட்ல எத்தினி நாளு இருக்கறது? எனுக்குன்னு ஒரு ரூம் வேணும். உள்ளாண்ட நானே தாப்பா போட்டுக்கற மாறி வேணும்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன யோசிப்பது.

சனிக்கிழமை கன்னியப்பன் ஆட்கள் வந்து வெட்டினார்கள். எனக்குக் கடையில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டீக்கடையில் ஏற்கனவே நீ உட்கார்ந்திருந்தாய். உனக்கும் ஏதோ வேலை இருந்திருக்கும். ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கு மூன்று டீ குடித்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தோம். வந்தபோது முற்றம் காலி. எண்ணெய்க்கறை மட்டும் இருந்தது. நான் ஒரு ஆணியைக்கூட எடுத்து வைக்கவில்லை. வைத்தால் அதற்கும் பாகம் பிரிக்க வேண்டிவரும்.

எனக்கு அழுகை வந்தது. உனக்கும் வந்திருக்கும். சரி, போகட்டும்.

தேவராஜ்

*

முத்தாபுதுப்பேட்டை
8-1-73

அண்ணே,

அறைக்குக் கூரை ஏறிவிட்டது, சந்தோஷம். கதவுக்கு உள்தாழ்ப்பாள் நான் வாங்கித் தருகிறேன், நீ வாங்காதே.

இதை ஓட்டை வழியாக வந்து சொல்லியிருக்கலாம். சாமுண்டி காதில் விழும். அதனால் கடிதம். நூம்பலிலிருந்து அவள் அம்மா ஆள் அனுப்பியிருந்தார்கள். இந்த வருஷம் அவளுக்குப் பொங்கல் சீர் கிடையாதாம். இனி எந்த வருஷமும் கிடையாதாம். அந்த வீட்டுப் படியை அவள் மிதிக்கக் கூடாதாம். மதுரைவீரன் வைத்த நிபந்தனையாம், அம்மா ஒத்துக்கொண்டார்களாம்.

நான் அன்றைக்கே சொன்னேன், இப்படித்தான் ஆகும் என்று. ஆனால் இப்போது அவளிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள் அழவில்லை. வந்த ஆளுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வேலையை எடுத்துக்கொண்டு, அடித்த சுவரையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறாள். வருஷா வருஷம் அந்த ஒரு படி அரிசிக்கும் வெல்லத்துக்கும் விடியற்காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கேலி செய்வேன். நானே வாங்கிப் போட்டால் அது புருஷன் வாங்கினது, சீர் ஆகாது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ பெரியவன், சொல்.

பரந்தாமன்

*

முத்தாபுதுப்பேட்டை
11-1-73

தம்பிக்கு,

உன் கடிதத்தை முனியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன். பார்த்தால் பரணிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

புருஷனுடைய அண்ணன் சீர் கொடுப்பது எந்த ஊர் வழக்கம் என்று நீ கேட்பாய். சங்கத்துச் சட்டம் மாதிரி ஏதாவது எடுத்துக் காட்டுவாய். எதுவும் எழுதாதே, எனக்குப் படிக்கப் பொறுமை இல்லை. என் பெண்ணை உள்ளே விட்டு இன்னொருத்தி தன் அம்மா வீட்டை இழந்திருக்கிறாள். இதற்கு எந்த வழக்கத்தில் பதில் இருக்கிறது?

வெள்ளையடிப்பதை நிறுத்தச் சொல், சுண்ணாம்பு கையை அரித்துவிடும். இப்போது அவளிடம் ஒன்றும் சொல்லாதே. உனக்கு வாயில் எதுவும் நிற்காது என்று தெரியும், இரண்டு நாள் மட்டும் அடக்கு.

பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு ஜோடி கரும்பு, ஒரு புடவை. புடவையைப் பேபி தேர்ந்தெடுத்தாள், பச்சையில் அரக்குக் கரை. முனியம்மா தாம்பாளத்தை எடுத்துக்கொள்வாள், பேபி கரும்பை எடுத்துக்கொள்வாள். பொங்கலன்று காலை வருவார்கள். இடித்த சுவர் வழியாக வரமாட்டார்கள். சந்துக்கதவால் வெளியே போய், தெருவைச் சுற்றிக்கொண்டு, நாலு பேர் பார்க்க உன் வாசலுக்கு வருவார்கள். யார் வீட்டுச் சீர் என்று வழியில் எவராவது கேட்டால், சாமுண்டிக்குப் பிறந்த வீட்டுச் சீர் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

தேவராஜ்